வண்டி எண் சொல்லும் ஊர்க் கணக்கு

தெப்பக்காட்டில் சாலை மூன்றாகப் பிரிகிறது. ஒன்று கூடலூருக்கு, ஒன்று பந்திப்பூர் வழியாக மைசூருக்கு, மற்றொன்று மசினகுடி தாண்டி, கல்லட்டி மலைப்பாதை ஏறி ஊட்டிக்கு. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள், யானைகள் முகாமை ஒட்டியிருக்கும் இந்தச் சந்திப்பில் காட்டு யானையும் மானும் சாலையைக் கடப்பது அன்றாடக் காட்சி. இங்கே குடியிருப்பவர் ஒரு கார் வாங்கினால், அதன் காப்பீட்டுக்குச் சென்னைவாசியைவிடக் கூடுதலாகக் கட்டுவாரா, குறைவாகக் கட்டுவாரா? யானையையும் கொண்டை ஊசி வளைவுகளையும் நினைத்தால் கூடுதல் என்றுதான் தோன்றும். ஆனால், குறைவு என்பதே பழைய கட்டணப் பட்டியல் தரும் விடை.

கார் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது மூன்றாம் நபர் காப்பீடு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1,000 முதல் 1,500 சிசி வரையிலான சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு ஓராண்டுக்கு 3,416 ரூபாய், வரி தனி. சென்னை அண்ணா சாலைக்கும் தெப்பக்காட்டுக்கும் இதில் ஒரு பைசா வித்தியாசமில்லை.

ஊர் நுழைவது இரண்டாவது பகுதியில். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அது. 2002-இல் வந்த இந்திய மோட்டார் கட்டணப் பட்டியல், தனியார் கார்களுக்காக நாட்டை இரண்டு மண்டலங்களாகப் பிரித்தது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ‘ஏ’ மண்டலம். மிச்சமுள்ள இந்தியா முழுவதும் ‘பி’ மண்டலம். வண்டி எங்கே ஓடுகிறது என்பது கணக்கில் வராது. எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவானது என்பதே அளவுகோல். ஐந்து வயதுக்கு உட்பட்ட 1,000 – 1,500 சிசி காருக்கு ‘ஏ’ மண்டலத்தில் காப்பீட்டு மதிப்பில் 3.283 சதவீதம், ‘பி’ மண்டலத்தில் 3.191 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு முறையே 16,415 ரூபாய், 15,955 ரூபாய். வித்தியாசம் 460 ரூபாய். 2007 ஜனவரி முதல் நிறுவனங்கள் தாங்களே விலை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், இந்த மண்டலப் பிரிவு இன்றும் பல நிறுவனங்களின் கணக்குக்கு அடித்தளமாக இருக்கிறது.

நகரத்துக்கு ஏன் கூடுதல்? காப்பீட்டுக் கணிதம் இரண்டு எண்களைப் பெருக்குகிறது: எத்தனை முறை சேதம் நேரும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு செலவாகும். நகர நெரிசலில் பம்பர் உரசலும் கதவுக் கீறலும் ஓயாமல் நடக்கின்றன. திருட்டும் அதிகம், ஒர்க்‌ஷாப் கூலியும் அதிகம். காட்டுச் சாலையில் விபத்து கடுமையானதாக இருக்கலாம். ஆனால் வண்டிகளே குறைவு.

அப்படியானால் தெப்பக்காட்டுக்கென்று தனிக் கட்டணம் வைத்தால் என்ன? இங்கேதான் புள்ளியியலின் அழகான விதி ஒன்று குறுக்கே வருகிறது. ஒரு பகுதியின் விபத்து விகிதத்தை 5 சதவீதப் பிழைக்குள், 90 சதவீத நம்பகத்தோடு சொல்ல வேண்டுமானால், குறைந்தது 1,082 இழப்பீட்டுக் கோரிக்கைகளாவது கையில் இருக்க வேண்டும் என்பது காப்பீட்டுக் கணிதர்களின் பழைய அளவுகோல். ஒரு சிற்றூரில் 300 கார்கள் இருப்பதாகவும், ஆண்டுக்கு இருபதில் ஒன்று கோரிக்கை வைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 கோரிக்கைகள். 1,082-ஐத் தொட 72 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! அதற்குள் சாலையும் மாறிவிடும், கார்களும் மாறிவிடும். சிற்றூரின் உண்மையான ஆபத்தைத் தனியாக அளந்து சொல்லப் போதிய தரவு ஒருபோதும் சேர்வதில்லை. அதனால்தான் அது பெருங்கூட்டத்தோடு சேர்க்கப்படுகிறது. சராசரி என்பது அந்தக் கூட்டத்தைப் பற்றியது. நம் வீட்டு வாசல் சாலையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

வண்டி எண்ணிலிருந்து ஓட்டுநரை ஊகிப்பது காப்பீட்டுக்காரர்கள் மட்டுமல்ல. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் ஊட்டியிலிருந்து கீழே இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. ‘டிஎன் 43’ என்ற நீலகிரிப் பதிவெண் இருந்தால் போகலாம். இதன் பின்னால் இயற்பியல் இருக்கிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 1.2 கோடி ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில்தான் சேரும். சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இது மலைக்காரர்களுக்குப் பழக்கம். சமவெளியிலிருந்து வருபவர்கள் அவசியம் பழகிக்கொள்ள வேண்டிய பாடம்.

ஊரை வைத்து விலை வைப்பது நியாயமா என்று உலகம் வாதிட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1988-இல் மக்கள் வாக்களித்து 103-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். ஓட்டுநரின் விபத்து வரலாறு, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், ஓட்டுநர் அனுபவம் ஆகியவைதான் கட்டணத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றது அது.

நம் நாட்டிலும் அந்த நியாயம் வேறு வடிவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள முதலில் சொந்தச் சேதக் காப்பீடு வேண்டும். காட்டுச் சாலையில் ஓட்டுபவர்கள் வெறும் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நின்றுவிடக் கூடாது. யானை முட்டிக் காரின் கதவு நசுங்கினால், இழப்பீடு கேட்க எதிர்த்தரப்பு கிடையாது. சொந்தச் சேதக் காப்பீடு ஒன்றே கைகொடுக்கும். வெள்ளம், நிலச்சரிவு, பாறை உருளுதல் ஆகியவையும் அதில் அடங்கும். அந்த நியாயம் வெளிப்படுவது, கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்கான போனஸில். முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இல்லாவிட்டால் சொந்தச் சேதக் கட்டணத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. பழைய காரை விற்றுப் புதிது வாங்கினாலும் இந்தப் போனஸ் உரிமையாளரோடு கூடவே வரும். மண்டலம் மாறினால் கிடைப்பது மூன்று சதவீதத்துக்கும் குறைவான சலுகை. நிதானமாக ஓட்டிய ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைப்பது பாதிக் கட்டணம்.