கத்துற அலாரமா... காக்குற அலாரமா? கார் அலாரம் பொருத்தும் முன் கவனிக்க வேண்டியவை!

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் புதூர் போன்ற ஊர்களில், இரவு ஒன்பது மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். அந்த அமைதியில் வாசலில் நிற்கும் காரின் அலாரம் அலறினால் நாலு தெருவுக்குக் கேட்கும். முதல் நாள் அக்கம்பக்கத்தினர் ஓடி வருவார்கள். இரண்டாம் நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். நான்காம் நாள், "அந்த வண்டிக்கு இதே வேலையாப் போச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் நாள் நிஜமாகவே திருடன் வந்தால்?

'புலி வருது' கதைதான்!

விலை குறைந்த மாடல் கார்களிலும், செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய கார்களிலும் ரிமோட் லாக், அலாரம் இருப்பதில்லை. உடனே அக்சஸரீஸ் கடையில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு செட் வாங்கி மாட்டிவிடுகிறோம். வாங்கும்போது பலரும் கேட்கும் ஒரே கேள்வி, "சத்தம் நல்லா வருமா?" என்பதுதான். ஆனால், ஒரு அலாரத்தின் தரம் சத்தத்தில் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத நான்கு இடங்களில் இருக்கிறது.

சும்மா சும்மா கத்துவது ஏன்?

அலாரம் செட்டில் 'ஷாக் சென்சார்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வண்டியில் ஏற்படும் அதிர்வை உணர்ந்து சைரனை ஒலிக்கச் செய்வது இதுதான். இதை காரின் பாடியோடு அசையாமல் பொருத்த வேண்டும். அவசரத்தில் சிலர் டபுள் சைடு டேப்பில் ஒட்டிவிடுகிறார்கள். கோடையில் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸ் வரைகூடக் கொதிக்கும். அந்தச் சூட்டில் பசை இளகி சென்சார் தொங்க ஆரம்பித்தால், லாரி போனாலும் இடி இடித்தாலும் அலறல்தான்.

சென்சாரில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். பொருத்தியவுடன் வண்டியைப் பூட்டி, கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். லேசான தட்டுக்குக் கத்தக் கூடாது. ஓங்கித் தட்டினால் கத்த வேண்டும். பல கடைகளில் இந்தத் திருகைத் தொடுவதே இல்லை.

பேட்டரியைத் தின்னும் பெட்டி

வண்டி நிற்கும்போதும் அலாரம் விழித்திருக்க வேண்டும். அதற்கு பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சின்ன பெட்ரோல் காரில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலாரம் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால், ஒரு நாளுக்கு அரை ஆம்பியர்-அவருக்கும் குறைவு. பாதி பேட்டரி தீர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவே தரமில்லாத பெட்டி 100 மில்லி ஆம்பியர் எடுத்தால்? ஒரே வாரத்தில் பாதி பேட்டரி காலி! காரிலுள்ள கடிகாரம், கம்ப்யூட்டர் எடுப்பது தனிக் கணக்கு.

தினமும் ஓடும் வண்டியில் இது தெரியாது. ஆனால், வீட்டுக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருக்க, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கப்படும் கார்கள் கிராமங்களில் ஏராளம். நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, மகளுக்குப் பிரசவ வலி என்று சாவியைத் திருகும்போது 'டிக்... டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் என்ன ஆகும்? திருடனுக்குப் பயந்து மாட்டிய பெட்டி, ஆபத்து நேரத்தில் நம்மையே வீட்டில் நிறுத்திவிடும்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

உயிர் ஒயர் இணைப்பில்

பெட்டி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ஒயரைப் பல்லால் கடித்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினால் அத்தனையும் வீண். சூட்டில் டேப் பிரிந்துவிடும். கரிசல் புழுதியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செம்புக் கம்பியைப் பச்சை பூக்க வைக்கும். இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதே சரியான முறை. காரின் ஒயரை வெட்டாமல், அந்த மாடலுக்கென்றே வரும் கப்ளர் கிடைத்தால் இன்னும் நல்லது. அலாரத்துக்குத் தனி ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஒயர் உரசினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

சில செட்களில் என்ஜினை முடக்கும் ரிலேயும் இருக்கும். அதை ஸ்டார்ட்டர் மோட்டார் ஒயரில் கொடுப்பது ஒரு முறை. பெட்ரோல் பம்ப் அல்லது இக்னிஷன் ஒயரில் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் மலிவான ரிலே பழுதானால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியே நின்றுவிடும். துறைமுக லாரிகள் பறக்கும் மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அப்படி நின்றால்? ஸ்டார்ட்டர் ஒயரில் கொடுத்திருந்தால், ரிலே பழுதானாலும் ஓடும் வண்டி நிற்காது. அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான்.

ரிமோட்டையும் நம்ப முடியுமா?

மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே சிக்னலைத்தான் அனுப்பும். அதை ஒருவர் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். 'ரோலிங் கோட்' ரிமோட்டில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சிக்னல் மாறும். இதுவே மேல். ஆனால், அதுவும் இரும்புக்கோட்டை அல்ல. அமெரிக்க ஆய்வாளர் சாமி கம்கார், சுமார் 32 டாலர் செலவில் தானே செய்த கருவியால் ரோலிங் கோட் ரிமோட்டுகளையும் ஏமாற்ற முடியும் என்று 2015-ல் காட்டினார்.

விலை அதிகம் கொடுத்தால் தப்பிக்கலாமா? 2019-ல் பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம், வைப்பர், பாண்டோரா ஆகிய பிரபல ஸ்மார்ட் அலாரங்களைச் சோதித்தது. பாண்டோரா தன் தயாரிப்பை 'ஹேக் செய்யவே முடியாது' என்று விளம்பரம் செய்திருந்தது. ஆனால், மொபைல் ஆப் வழியாக அடுத்தவரின் கணக்கைக் கைப்பற்றி, கார் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் கதவைத் திறக்கவும் முடிந்தது. சுமார் 30 லட்சம் வண்டிகள் ஆபத்தில் இருந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. இரு கம்பெனிகளும் சில நாள்களிலேயே குறையைச் சரிசெய்தன. விலையும் விளம்பரமும் மட்டுமே தரத்துக்குச் சாட்சி அல்ல என்பதுதான் இதில் பாடம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

* காரின் ஒயரை வெட்டுவீர்களா, கப்ளர் போடுவீர்களா? வெட்டினால், கார் கம்பெனி எலக்ட்ரிக்கல் வாரன்ட்டியை மறுக்கலாம்.

* ரோலிங் கோட் ரிமோட்தானா?

* என்ஜினை முடக்கும் ரிலே எந்த ஒயரில்? அலாரம் பழுதானால் வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்வது?

* ஃபியூஸ் எங்கே இருக்கிறது? அதை ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லி வண்டியிலேயே வையுங்கள். ராத்திரியில் அதுதான் உதவும்.

* பில்லும் வாரன்ட்டி கார்டும் உண்டா? புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ அமைப்பின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்றால், பழைய மோட்டார் டாரிஃப் விதிப்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவிகிதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி இருந்தது. உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சாவிக்குள் சிப் வைத்த இம்மொபிலைசர் உங்கள் காரிலேயே இருக்கிறதா என்று மேனுவலைப் பாருங்கள். இருந்தால், அந்தச் சாவி இல்லாமல் என்ஜின் ஓடாது. அப்போது வெளியில் வாங்கும் அலாரம் கூடுதல் காவல்தான். அதற்காக நல்ல ஒயரிங்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இம்மொபிலைசர் இல்லாத பழைய கார் என்றால், ஸ்டீயரிங் லாக் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். அதற்கு பேட்டரியும் வேண்டாம், ஒயரும் வேண்டாம்.

நல்ல காவல் நாய் காற்றுக்கெல்லாம் குரைக்காது. அது குரைத்தால் ஊரே எழுந்து வரும். உங்கள் வாசலில் நிற்கும் காரின் அலாரத்துக்கும் அந்த மரியாதை இருக்க வேண்டும்!