மியூட் பட்டனுக்கு இந்தப் பக்கம்

சென்னை ஓஎம்ஆரில் மாலை 6.30 என்றால், கோடைக்கால நியூயார்க்கில் காலை 9 மணி. வீடியோ காலில் சேரும் அமெரிக்க கிளையன்ட்டுக்குத் தெரிவது ஒரு முகமும் ஒரு ஸ்லைடும்தான். அதற்கு முன்னால் மீட்டிங் ரூமுக்குள் நடக்கும் ஒத்திகை இருக்கிறதே, அடடா! டிக்கெட் போட்டே காட்டலாம்.

தமிழ் மீடியத்தில் படித்து ஐடிக்கு வந்தவர் கையில் இருக்கும் பிரிண்ட் அவுட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஆங்கில வரிகளுக்கு நடுவே சாய்கோடுகள்! ஒரு கோடு என்றால் சின்ன மூச்சு, இரண்டு கோடு என்றால் நன்றாக நிறுத்தம். அவர் வேகமெடுத்தால் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வரும்: "மச்சி, மூச்சு விடு!" 'டெவலப்மென்ட்' என்ற சொல்லில் 'வ'வுக்கு அடியில் பேனாவால் ஒரு இழுப்பு. தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராக உச்சரித்துப் பழகிய நாக்கு நமது. ஆங்கிலமோ ஓர் அசையை உயர்த்திப் பிடித்து மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். அந்த ஓர் அசை சரியாக விழுந்தாலே எதிர்முனைக்குப் பாதி புரிந்துவிடும். அக்சென்ட்டை மாற்ற வேண்டியதே இல்லை! இதை மொட்டை மாடியில் ஏறி நின்று கத்திச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது எனக்கு.

அடுத்து எண்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் ஹெட்செட்டில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் 'தர்ட்டீன், ஒன் த்ரீ' என்று பிரித்தும் சொல்லிப் பார்ப்பார்கள். ஸ்லைடில் 50 லட்சம் 5 மில்லியனாகும். 2 கோடி 20 மில்லியனாகும். 04/05 என்ற தேதியைக் கண்டால் உடனே அடித்துவிடுவார்கள்! நமக்கு அது மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தின் பெயரையே எழுதிவிட்டால் வம்பில்லை.

இந்தப் பயிற்சிக்கு இன்னொரு ரகசிய இடமும் உண்டு. பல நிறுவனங்களில் வேலை நேரத்துக்கு நடுவே கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி கிளப். 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்எம்சிஏ கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. அங்கே 'ஆ கவுண்ட்டர்' என்றே ஒரு பொறுப்பு! எத்தனை 'ஆ', எத்தனை 'உம்' என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். 5 முதல் 7 நிமிடப் பேச்சில் நேரத்தைக் காட்ட ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. 'ஆ' வர வேண்டிய இடத்தில் சும்மா வாயை மூடி நிற்கக் கற்றவர் பேச்சுக்கு வரும் கம்பீரமே தனி.

எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை: பவர்பாயின்ட் ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டில் 'பி'யைத் தட்டுங்கள். திரை முழுக்கக் கறுப்பு! நேரில் நடக்கும் கூட்டத்தில் எல்லாக் கண்களும் சட்டென்று பேசுபவர்மேல் திரும்பும்.

ஆனால் எல்லோரும் நடுங்குவது கேள்வி நேரத்துக்குத்தான். அதனால் ஒத்திகையில் டீமிலேயே ஒருவர் கிளையன்ட்டாக மாறி வேகவேகமாகக் குடைவார். கேள்வி அரைகுறையாகக் காதில் விழுந்தால் விழிக்கவே கூடாது. "சோ, யூ ஆர் ஆஸ்கிங் அபவுட் தி டெலிவரி டேட், ரைட்?" என்று திருப்பிப் போட வேண்டும். ஆமாம் என்றால் யோசிக்கச் சில வினாடி கையில். இல்லை என்றால் கிளையன்ட்டே எளிய ஆங்கிலத்தில் மறுபடி சொல்லிவிடுவார். எது நடந்தாலும் லாபம்! நிஜமான காலில் அது பலிக்கும்போது பார்க்க வேண்டுமே, மியூட்டில் இருக்கும் மொத்த டீமும் மேசையைத் தட்டித் தீர்த்துவிடும்!