மலை ஏரியும் நிலநடுக்கத் திரளும்

நிலம் நடுங்கும் என்பதை நம்மில் பலர் ஏட்டில் படித்தே அறிந்திருக்கிறோம். ஆனால் பிழைப்பை நாடி மேற்கு மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த அறிவு சில வேளைகளில் அனுபவமாகவே வாய்த்துவிடுகிறது. இரவில் அடுக்கிலுள்ள பாத்திரங்கள் கலகலவென ஒலிக்கும். தொங்கும் விளக்கு ஊசலாடும். சில விநாடிகளில் எல்லாம் அடங்கிவிடும். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தால், "இதற்குமேல் பெரிதாக ஒன்று வருமோ?" என்ற கலக்கம் எழுவது இயல்பு. அக்கேள்விக்கு விஞ்ஞானம் எந்த அளவுக்கு விடை தர இயலும் என்பதை மகாராஷ்டிர மாநிலத்துக் கொய்னாப் பிரதேசத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

பூகம்பம் என்ற சொல் மராத்தியர்க்கும் நமக்கும் பொதுவானது. ஆனால் பூகம்பங்கள் எல்லாம் ஒரே போக்கில் நிகழ்வன அல்ல. பெரிய அதிர்ச்சி ஒன்று தோன்றி, அதன்பின் சிறு அதிர்ச்சிகள் நாளடைவில் குறைந்துகொண்டே போவது ஒரு வகை. தலைமை அதிர்ச்சி என்று எதனையும் சுட்டிக்காட்ட இயலாதவாறு, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள சிறு நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே வட்டாரத்தில் வாரக்கணக்காக எழுவது மற்றொரு வகை. தேனீக்கள் கூட்டமாகத் திரண்டு எழுவதைக் குறிக்கும் சொல்லே ஆங்கிலத்தில் இதற்கு வழங்குகிறது. நாம் நிலநடுக்கத் திரள் என்று கூறலாம். கொய்னாவில் இவ்விரு வகைகளையும் காண்கிறோம்.

கொய்னா ஆறு மகாபலேசுவரத்தில் பிறந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளினூடே தெற்கு நோக்கி ஓடி, பின்னர்க் கிழக்கே திரும்பிக் கராட் நகரில் கிருஷ்ணா நதியுடன் கலக்கிறது. சாத்தாரா மாவட்டத்தில் இவ்வாற்றின் குறுக்கே 103 மீட்டர் உயரமுள்ள அணை கட்டப்பட்டது. அதனால் மலைகளுக்கிடையே தோன்றிய நீண்ட ஏரிக்குச் சிவாஜி சாகரம் என்று பெயர். ஏரியின் நீர் சுரங்கங்கள் வழியே மேற்கே கொங்கணச் சரிவில் இறங்கி மின்சாரம் தருகிறது.

1960-களின் தொடக்கத்தில் ஏரியில் நீர் தேங்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே அவ்வட்டார மக்கள் நிலத்தில் அதிர்வுகளை உணரலாயினர். அக்காலத்தில் தென்னிந்தியத் தீபகற்பம் அசைவற்ற பழம்பாறை நிலம் என்றே கருதப்பட்டு வந்தது. நடுக்கங்கள் பெருகவே, பதிவுக் கருவிகள் நிறுவப்பட்டன. 1967 டிசம்பர் 11-ஆம் நாள் விடியற்காலை நான்கரை மணிக்குச் சற்று முன்னர், 6.3 அளவுள்ள பூகம்பம் அப்பகுதியை உலுக்கியது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். கொய்னா நகரில் பெரும்பாலான வீடுகள் சேதமுற்றன. 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மும்பையிலும் அதிர்ச்சி உணரப்பட்டது. அணையின் சுவரில் விரிசல்கள் கண்டன. எனினும் அணை நின்றது. பின்னர் அதன் பின்புறத்தில் கான்கிரீட் முட்டுகள் கொடுத்து வலுப்படுத்தினர். தீபகற்பத்தைப் பற்றிய பழைய நம்பிக்கை தகர்ந்தது. நாட்டின் பூகம்ப மண்டலப் படமும் 1970-இல் திருத்தப்பட்டது.

தேங்கிய நீருக்கும் பாறையின் நடுக்கத்துக்கும் என்ன தொடர்பு? இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டை முட்டிக்கொண்டிருப்பதால், அதன் உட்பகுதியிலுள்ள பாறைகளும் நெருக்குண்டு கிடக்கின்றன. ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்புப் பாறை கொய்னாவில் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது. அதன் அடியிலுள்ள பழம்பாறையில் பிளவுகள் உண்டு. பிளவின் இரு பக்கங்களும் உராய்வினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஏரி நிறைந்ததும் நீரின் பாரம் மேலிருந்து அழுத்துகிறது. அன்றியும், பாறையின் நுண்துளைகளிலுள்ள நீரின் அழுத்தம் மெல்ல மெல்லக் கீழே பரவிப் பிளவின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே வழுக்கும் தறுவாயில் இருந்த பாறை சிறிது நகர்கிறது. ஆகவே ஏரி பூகம்பத்தின் ஆற்றலைப் படைப்பதில்லை. சேர்ந்து கிடக்கும் ஆற்றலை அவிழ்த்துவிடுகிறது.

இவ்விளக்கத்திற்கு வலுவான சான்று பருவகாலம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்த சில வாரங்களிலும், மீண்டும் குளிர்காலத்திலும் நடுக்கங்கள் மிகுவதை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கின்றனர். தெற்கே வார்ணா ஆற்றின்மீது கட்டப்பட்ட அணையில் 1985 முதல் நீர் தேங்கியபின், நடுக்கங்கள் அத்திசையிலும் பரவின. இத்தனையும் சுமார் 30 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் கொண்ட சிறு நிலப்பரப்புக்குள்ளேயே நிகழ்கின்றன. 1967 முதல் 5 அளவையோ அதற்கு மேலோ எட்டியவை இருபதுக்கு மேற்பட்டவை. கராட் நகரில் அமைந்த மத்திய அரசின் ஆய்வுக்கூடத்தினர் இவ்வட்டாரத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, பாறையின் தன்மையை நேரிலேயே ஆராய்ந்துள்ளனர்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். சிறு நடுக்கங்கள் பலவாக வந்தால் பூமியின் நெருக்கம் தீர்ந்துவிடும், ஆகவே பெரியது வராது என்று சிலர் ஆறுதல் கூறுவர். அது பொருந்தாது. அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. 6 அளவுள்ள ஒரு பூகம்பத்தின் ஆற்றலை ஈடுசெய்ய 4 அளவுள்ளவை ஆயிரம் வேண்டும். மாறாக, திரள் தோன்றினாலே பேரழிவு நிச்சயம் என்று நடுங்குவதும் பொருந்தாது. பெரும்பாலான திரள்கள் தாமாகவே ஓய்ந்துவிடுகின்றன. மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பரில் தொடங்கிய திரள் மக்களை மாதக்கணக்கில் வாட்டியது. ஆயினும் பேரழிவாக முடியவில்லை. எனினும் விதிவிலக்கும் உண்டு. லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரிப் பகுதியில் 1992-இன் இறுதியில் சிறு நடுக்கங்கள் தோன்றி அடங்கின. மறு ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன் வந்த பூகம்பத்தில் 7,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்தத் திரள் எவ்வாறு முடியும் என்பதை முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்லும் வழி உலகில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்வதாக வரும் செய்தி எதுவாயினும் அது வதந்தியே.

நாள் தெரியாவிட்டாலும் ஆயத்தம் நம் கையில் இருக்கிறது. கில்லாரியில் உயிர்களைப் பறித்தவை, மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களும் அவற்றின்மேல் ஏற்றிய பாரமான மண்கூரைகளுமே. வாடகை வீடு தேடுவோர் அறையின் வசதியைப் பார்ப்பதுபோலவே சுவரையும் பார்க்க வேண்டும். திரள் நீடிக்கும்போது ஒவ்வொரு நடுக்கமும் சுவரைச் சிறிது தளர்த்துகிறது. ஆதலால் புதிய விரிசல்களை அவ்வப்போது கவனித்து, வீட்டுக்காரரிடமும் ஊராட்சியிடமும் தெரிவித்தல் நலம். பரணிலுள்ள கனத்த பொருள்களைக் கீழே இறக்குங்கள். அலமாரியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். படுக்கையை அவற்றிலிருந்து விலக்கிப் போடுங்கள்.

நடுக்கம் வரும்போது அலறிக்கொண்டு ஓடுவது ஆபத்து. பால்கரில் 2019-இல் வெளியே ஓடும்போது விழுந்து ஒரு சிறு குழந்தை உயிரிழந்தது. உறுதியான கட்டடமாயின், பலமான மேசையின் கீழ்ப் புகுந்து, தலையைக் காத்து, அதிர்வு நிற்கும்வரை அதனைப் பற்றிக்கொள்ள வேண்டும். நின்றபின் அடுப்பை அணைத்து, நிதானமாக வெளியேறித் திறந்த வெளியில் நிற்கலாம். பிறந்த ஊரை விட்டு வந்தோர்க்கு ஆபத்தில் முதலில் கைகொடுப்பவர் பக்கத்து வீட்டாரே. எங்கே கூடுவது, முதியோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பதை அவர்களோடு இன்றே பேசி முடிவு செய்துகொள்வது நலம்.