ஊர் வாயை மூட முடியாது; உடம்பைக் காக்கலாமே!

"ஏண்டி, இப்படி ஓடா இளைச்சுட்டே? புகுந்த வீட்டுல சோறு போடறதில்லையா?"

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?"

"நடக்கறாளாம் நடை! வீட்டை ரெண்டு தடவை பெருக்கித் துடைச்சா போதாதா?"

கொஞ்சம் உடம்பைக் குறைக்கலாம், தொளதொளவென்று ஆகிவிட்ட வயிற்றை இறுக்கலாம் என்று ஒரு பெண் கிளம்பிவிட்டால் போதும். நாலா பக்கத்திலிருந்தும் இப்படிக் கணைகள் பறந்து வரும். வேடிக்கை என்னவென்றால், ஆறு மாதத்துக்கு முன்னால் "என்னம்மா, பீப்பாய் மாதிரி ஆயிட்டே!" என்று சொன்னவர்களும் இவர்களேதான். பெருத்தாலும் பேச்சு, சிறுத்தாலும் பேச்சு!

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்? போகட்டும், பேசுகிறவர்கள் பேசட்டும். ஆனால் அந்தப் பேச்சுக்குக் கூசிக்கொண்டு, நாலாம் நாளே நடையை நிறுத்திவிடும் பெண்கள் எத்தனை பேர்! அங்கேதான் நஷ்டம் ஆரம்பிக்கிறது. அது அழகுக்கு வந்த நஷ்டம் மட்டுமல்ல, ஆயுசுக்கும் ஆரோக்கியத்துக்கும் வரும் நஷ்டம்.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

கொஞ்சம் நிதானமாக யோசித்தால், பெரியவர்கள் மேல் கோபமே வராது. அவர்கள் வளர்ந்த காலத்தில் ஒரு பெண் இளைத்தாள் என்றால் அதற்கு மூன்றே காரணங்கள்தான்: வீட்டில் சாப்பாடு இல்லை, அல்லது காசநோய், அல்லது மனக்கவலை. 'பூசினாற் போல இருக்கிறாள்' என்பது நல்ல குடும்பத்துக்கு அடையாளம். அதனால் மாமியார் "இளைச்சுட்டியே" என்று சொல்லும்போது, பாதி அது குற்றச்சாட்டு இல்லை, கவலை.

"நாங்க என்ன எக்ஸர்சைஸா பண்ணினோம்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், கிணற்றில் நீர் இறைத்துக் குடம் சுமந்தார்கள். அந்த வேலையையெல்லாம் இப்போது மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் செய்கின்றன. அவர்கள் செய்த தேகப் பயிற்சியை நாம் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

இஞ்ச் டேப் பொய் சொல்லாது

'குண்டா, ஒல்லியா' என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி தீர்மானிக்க வேண்டாம். தையல் பெட்டியில் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளவெடுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது 31½ அங்குலத்தைத் தாண்டினால் எச்சரிக்கை மணி என்று அர்த்தம்.

ஏன் இத்தனை கெடுபிடி? வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி செய்கிறது. ஒரே எடையுள்ள ஐரோப்பியப் பெண்ணைவிட நம் பெண்களுக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. பார்வைக்கு ஒல்லியாக இருந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தாலும் அலட்சியம் கூடாது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது.

மனசுக்குத் தெம்பு தரும் செய்தியும் இருக்கிறது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து, சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆராய்ச்சி 2006-ல் வெளியாயிற்று. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி நடையைக் கூட்டியவர்களுக்கு நோய் வரும் அபாயம், எதையும் மாற்றாதவர்களைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை! ஆகவே, "ஒரு மாசமா நடக்கறே, அப்படியேதானே இருக்கே?" என்று யாராவது கேட்டால் மனம் தளராதீர்கள். வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே பலன் கிடைக்கத் தொடங்கிவிடும்.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு

ஒன்பது மாதம் விரிந்த வயிறு ஒன்பது நாளில் உள்ளே போய்விடாது. வயிற்றில் துணி கட்டினால் முதுகுக்குக் கொஞ்சம் ஆதரவாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. சுகப்பிரசவமானால் சில நாட்களிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கலாம். சிசேரியன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக உள்ளே போனால், வயிற்றுத் தசைகள் இன்னும் விலகியிருக்கின்றன என்று பொருள். அப்போது படுத்து எழும் பயிற்சி வேண்டவே வேண்டாம். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? வெட்கப்பட்டு மறைக்காமல் அதையும் சொல்லுங்கள். அதுவரை கயிறு தாண்டுவது வேண்டாம்.

"நடந்தா பால் வத்திப்போயிடும்" என்பார்கள். மிதமான நடையால் தாய்ப்பால் குறையாது. ஆனால் பட்டினி கிடப்பது தப்பு. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. அதைப் பருப்பு, கீரை, முட்டை, மீன், தயிர் என்று சத்துள்ள பண்டங்களாகச் சாப்பிடுங்கள். நெய் மிதக்கும் லட்டு வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு மறுபடி கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 'குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம்.

அடுப்பங்கரையில் ஆரம்பியுங்கள்

* காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு மூன்று காபி என்றால் 30 கிராம் ஆயிற்று. 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. காபியிலேயே கணக்கு தாண்டிவிடுகிறதே!

* ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல், ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள்.

* குழந்தை மிச்சம் வைத்த இட்லி, அவர் தட்டில் மிஞ்சிய அப்பளம், அடிச்சட்டிப் பாயசம்... 'வீணாகப் போகிறதே' என்று எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்கிறோம். நம் வயிறு என்ன குப்பைத் தொட்டியா? அளந்து சமையுங்கள், மிஞ்சாது.

* சோற்றைக் குறைக்கிறவர்கள் கறி, கூட்டு, சுண்டலைக் கூட்டிக்கொள்ளுங்கள். பசியோடு படுத்தால் பத்து நாள் தாங்காது.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். பத்து நாளில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்யும் பவுடர், மாத்திரை, பெல்ட் பக்கமே போகாதீர்கள்.

நடை மட்டும் போதாது

வாரத்தில் 150 நிமிஷமாவது வேக நடை. அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

இதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்து, முகம் வாடிப்போய், "நோயாளி மாதிரி இருக்கே" என்ற பேச்சு உண்மையாகிவிடும்! நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தோள் வரை தூக்குவது பத்து முறை. சற்று இளைப்பாறி, எல்லாவற்றையும் இன்னொரு சுற்று. குக்கர் விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

வயிற்றை மட்டும் குறைக்கும் மந்திரப் பயிற்சி எதுவும் கிடையாது. உடம்பு முழுவதும் குறையும்போது வயிறும் கூடவே குறையும்.

பதில் சொல்வது எப்படி?

கவலைப்படுகிற மாமியாரிடம்: "இல்லை அத்தை, நல்லாத்தான் சாப்பிடறேன். டாக்டர் இடுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். சாயங்காலம் நீங்களும் வாங்களேன், கோயில் வரைக்கும் நடந்துட்டு வரலாம்." கூட வந்தால் அவர் முழங்காலுக்கும் நல்லது, குறை சொன்னவர் துணையும் ஆகிவிடுவார்.

கேலி செய்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம்: ஒரு சிரிப்பு, அப்புறம், "உங்க வீட்டு ஊறுகா ரொம்ப நல்லா இருந்துதுக்கா!" பேச்சு மாறிவிடும். விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் வம்பு வளரும்.

கணவரிடம்: "என்னங்க, காலையில அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கோங்க." பாராட்டை எதிர்பார்ப்பதைவிட, இந்த அரை மணியைக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம்.

'பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு?' என்பவர்களுக்கு ஒரு மேரி கோம் போதும். 2007-ல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த அந்த மணிப்பூர்ப் பெண், அடுத்த ஆண்டே உலகக் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினார். நமக்குத் தங்கப் பதக்கம் வேண்டாம். திருத்தணியில் 365 படிகளையும் மூச்சு இரைக்காமல் ஏறினால் போதாதா?

காது கொடுக்க வேண்டிய பேச்சு

சில சமயம் ஊர் சொல்வதிலும் உண்மை இருக்கும். நீங்கள் எந்த முயற்சியும் செய்யாமலே எடை குறைந்தால், 'சந்தோஷம்' என்று இருந்துவிடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தலை சுற்றுகிறது என்றால் எல்லை மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது வீட்டார் "போதும்மா" என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கண்ணாடி முன் நின்று, "சே, எவ்வளவு அசிங்கமா இருக்கேன்!" என்று நீங்கள் முணுமுணுப்பதை, பின்னால் நிற்கும் பெண் குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஊர் வாயைவிட அந்த வார்த்தை அதன் மனதில் ஆழமாகப் பதியும். "அம்மாவுக்குத் தெம்பு வேணும், அதான் நடக்கப் போறேன், நீயும் வரியா?" என்று கேட்டுப் பாருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு உங்களுக்கு முன்னால் வாசலில் நிற்கும்!