பகுதிப் பல்செட்டு: பல் தயாரிப்பும் அச்செடுத்தலும்

பகுதிப் பல்செட்டு என்பது, சில பற்களை மட்டும் இழந்தவர்களுக்கு எஞ்சிய பற்களையும் ஈற்றையும் பற்றுக்கோடாகக் கொண்டு பொருத்தப்படும், கழற்றி மாட்டத்தக்க செயற்கைப் பல் அமைப்பு ஆகும். பேச்சுவழக்கில் இது கட்டுப்பல் எனவும் வழங்கப்படும். உலோகச் சட்டகம் கொண்டதும் முழுவதும் அக்ரிலிக் நெகிழியாலானதும் என இது பெரும்பாலும் இரு வகைப்படும். இக்கட்டுரை முதல் வகைக்காகப் பற்களைச் சீவித் தயார்செய்வதையும், அதன்பின் நோயாளிகள் 'அளவு எடுத்தல்' என்று சொல்லும் அச்செடுத்தலையும் விளக்குகின்றது.

பல்செட்டை உருவாக்குபவர் ஆய்வுக்கூடத்திலுள்ள தொழில்நுட்பர். அவர் நோயாளியின் வாயைப் பார்ப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு காரை வார்ப்பு மட்டுமே. அவ்வார்ப்பில் உள்ள பிழையைப் பிற்பாடு எவ்வளவு நுணுக்கமான உலோக வேலையாலும் சரிசெய்ய இயலாது.

பல்லும் ஈறும் தாங்கும் முறை

பல் எலும்புடன் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள இணைப்பிழையம் உள்ளது. மெல்லும்போது பல் அந்த இடைவெளிக்குள் மட்டுமே அசையும். ஈற்றை மூடியுள்ள சளிச்சவ்வோ அதைவிடப் பல மடங்கு அமுங்கக்கூடியது. ஒரே பல்செட்டு இவ்விரண்டின் மேலும் அமரும்போது, ஒருபுறம் உறுதியாக நிற்க மறுபுறம் அமிழ்கின்றது. பகுதிப் பல்செட்டின் பெரும்பாலான சிக்கல்கள் இந்த வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

எட்வர்டு கென்னடி என்பார் 1925 ஆம் ஆண்டில் வகுத்த வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இருபுறமும் கடைசிப் பற்கள் இல்லாதது முதல் வகுப்பு. ஒருபுறம் மட்டும் அவ்வாறு இருப்பது இரண்டாம் வகுப்பு. வெற்றிடத்தின் முன்னும் பின்னும் பற்கள் இருப்பது மூன்றாம் வகுப்பு. நடுக்கோட்டைக் கடந்து முன்பற்கள் இல்லாதது நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் பெரும்பாலும் பற்களே சுமையைத் தாங்குவதால் வேலை எளிது. முதலிரு வகுப்புகளில் ஈறும் சுமையைப் பங்கிட வேண்டும்.

திட்டமிடல்

பல்லில் கை வைப்பதற்கு முன்பே திட்டம் முடிந்திருக்க வேண்டும். முதலில் ஆல்ஜினேட்டால் ஓர் அச்சு எடுத்து ஆய்வு வார்ப்பு ஊற்றப்படுகின்றது. அது சர்வேயர் எனப்படும் கருவியின் மேசையில் வைக்கப்பட்டு, பல்செட்டு எத்திசையில் உள்ளே இறங்கி வெளியே வரவேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகின்றது. கருவியின் செங்குத்துக் கரிமுனை ஒவ்வொரு பல்லின் மிகப் பருத்த பகுதியையும் சுற்றிக் கோடிடும். கோட்டிற்குக் கீழேயுள்ள குழிவில்தான் கொக்கியின் நுனி பற்றிக்கொள்ளும். கோபால்ட்-குரோமியக் கலப்புலோக வார்ப்புக் கொக்கிக்கு 0.25 மில்லிமீட்டர் ஆழக் குழிவு போதுமானது. வளையும் தன்மை மிகுந்த கம்பிக் கொக்கிக்கு 0.5 மில்லிமீட்டர் வரை கொள்ளலாம்.

சொத்தைகளை அடைத்தல், ஈறு நோய்க்கான மருத்துவம், காப்பாற்ற இயலாத பற்களை அகற்றுதல் ஆகியவை இந்நிலையிலேயே முடிக்கப்படும். ஏதேனும் பல்லுக்கு உறை போடவேண்டியிருப்பின், தாங்கிக்குழியை அவ்வுறையிலேயே அமைத்துவிடுதல் நன்று.

பற்களைத் தயார்செய்தல்

பற்சிப்பி ஒருமுறை சீவப்பட்டால் மீண்டும் வளராது. ஆகவே இங்கு அகற்றப்படும் அளவு மில்லிமீட்டரின் பின்னங்களில் அமைகின்றது. செய்யும் வரிசையும் முக்கியமானது. வெற்றிடத்தை ஒட்டியுள்ள பற்களின் பக்கங்களில் வழிகாட்டுத் தளங்கள் முதலில் அமைக்கப்படும். இவை பல்செட்டு இறங்கும் திசைக்கு இணையான, 2 முதல் 4 மில்லிமீட்டர் உயரமுள்ள சமதளங்கள். தட்டையாக வெட்டாமல் பல்லின் இயல்பான வளைவைத் தொடர்ந்து சீவப்படும். தாங்கிக்குழியை முதலில் வெட்டிப் பின் வழிகாட்டுத் தளத்தைச் சீவினால், குழியின் வெளிவிளிம்பு சீவலோடு போய்விடும்.

அடுத்ததாக, கொக்கியின் உறுதியான பகுதி ஈற்றை நெருங்கி அமரும் வகையில் பல்லின் பருத்த பகுதி சிறிது குறைக்கப்படும். இறுதியாக அமைக்கப்படுவது தாங்கிக்குழி.

ரெஸ்ட் எனப்படும் தாங்கி, சட்டகத்திலிருந்து நீண்டு பல்லின் மேல் அமரும் சிறிய உலோக நீட்சி. மெல்லும் விசையைப் பல்லின் நீளவாக்கில் செலுத்துவதும், பல்செட்டு ஈற்றுக்குள் அமிழாமல் தடுப்பதும் இதன் பணி. குழியின்றித் தாங்கியைப் பல்லின் மேல் அப்படியே வைத்தால் எதிர்ப்பல் அதன்மேல் இடிக்கும். இடிக்காதபடி மெலிதாக்கினால் உலோகம் முறியும். கடைவாய்ப் பல்லில் இக்குழி, விளிம்பு மேட்டில் அகன்றும் பல்லின் நடுவை நோக்கிக் குறுகியும் செல்லும் வட்டமுனை முக்கோண வடிவில், கரண்டியின் உட்புறம் போல் வழுவழுப்பாக அமையும். விளிம்பு மேடு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் தாழ்த்தப்படும்.

குழியின் தரை பல்லின் நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பல்லின் பக்கத்திற்கும் தரைக்கும் இடையிலான கோணம் 90 பாகையிலும் குறைவாக இருந்தால் தாங்கி உள்நோக்கி அமர்ந்து நிற்கும். கோணம் மிகுந்தால் ஒவ்வொரு கடியிலும் தாங்கி வெளிநோக்கி வழுக்கும். அதற்கேற்பப் பல்லும் தள்ளப்படும். குழி அமைக்காமலும் தாங்கி வைக்காமலும் செய்யப்படும் மலிவான அக்ரிலிக் பல்செட்டுகள், சில ஆண்டுகளில் உட்புற ஈற்றை உரித்துக் கீழிறங்குவதைப் பல்மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். இழந்த பல்லுக்காகச் செய்த செட்டு இருக்கும் பல்லையும் கொண்டுபோகும் நிலை இதுவே.

கோரைப்பல்லில் தாங்கிக்குழி உட்புற மேட்டின் மேல், தலைகீழ் 'வி' வடிவில் வெட்டப்படும். கீழ் முன்பற்களில் பற்சிப்பி மெலிந்திருப்பதால் அங்கு இதனைத் தவிர்ப்பதே நல்லது. வெட்டிய இடங்கள் அனைத்தும் மெருகேற்றப்பட்டு, புளோரைடு பூசப்படும். டென்டின் வெளிப்பட்டுவிட்டால் அவ்விடத்தை அடைத்தல் வேண்டும்.

ஆல்ஜினேட்டு அச்சு

ஆல்ஜினேட்டு பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படுகின்றது. அதற்கு முன் பயன்பட்ட அகர், சிவப்புப் பாசியிலிருந்து கிடைப்பது. அகரைப் பெருமளவில் வழங்கிவந்த யப்பானிலிருந்து இரண்டாம் உலகப்போரின்போது வரத்து நின்றதால், ஆல்ஜினேட்டு அவ்விடத்தைப் பிடித்தது. இவ்விரு பாசிகளும் மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் மாவட்டக் கரையோரங்களில் சேகரிக்கப்படுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

நீருடன் தூளைக் கலந்ததும், அதிலுள்ள கால்சியம் சல்பேற்று ஆல்ஜினேட்டுடன் வினைபுரிந்து மீள்தன்மையுள்ள கூழ்மமாக இறுகுகின்றது. நீரின் வெப்பம் கூடினால் இறுகும் நேரம் குறையும். உறையில் குறிக்கப்படும் நேரம் பெரும்பாலும் 20 முதல் 23 பாகை செல்சியசுக்கு உரியது. கோடைகாலக் குழாய் நீரில் கலந்தால், தட்டை வாயில் வைப்பதற்கு முன்பே கலவை இறுகத் தொடங்கும். குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வு. நீரைக் கூட்டித் தூளைக் குறைத்தல் அச்சின் வலுவைக் கெடுக்கும்.

அச்சுத் தட்டிற்கும் பற்களுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. பற்களின் மேலுள்ள உமிழ்நீரை ஒற்றியெடுக்க வேண்டுமேயன்றி, முற்றாக உலர்த்தலாகாது. உலர்ந்த பல்லில் ஆல்ஜினேட்டு ஒட்டிக்கொள்ளும். தட்டை வைக்குமுன் தாங்கிக்குழிகளில் விரலால் சிறிது கலவையைத் தேய்ப்பது நல்ல பழக்கம். அங்கு ஒரு காற்றுக்குமிழி சிக்கினால், வார்ப்பில் அது ஒரு மணியாகப் புடைக்கும். அம்மணியின் மேல் செய்யப்பட்ட தாங்கி வாயில் குழியைத் தொடாமல் நிற்கும்.

கலவை இறுகியபின் மேலும் 2 அல்லது 3 நிமிடங்கள் தட்டை அசையாமல் பிடித்திருத்தல் வேண்டும். இந்நேரத்தில்தான் கிழியாத வலு கூடுகின்றது. பின்னர் பற்களின் நீளவாக்கில் ஒரே இழுப்பில் எடுக்கப்படும். மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தால் அச்சு நிலையாக உருத்திரியும்.

எடுத்த அச்சைக் கழுவி, தொற்றுநீக்கி, இயன்றவரை 15 நிமிடங்களுக்குள் டென்டல் ஸ்டோன் ஊற்றிவிடுவது சிறந்தது. காற்றில் வைத்தால் நீரை இழந்து சுருங்கும். நீரில் ஊறவைத்தால் உப்பும். நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் அச்சுகள் மணிக்கணக்கில் மேசையில் காத்திருப்பதே பொருந்தாத பல்செட்டுகளுக்கு ஒரு பெரிய காரணம் எனலாம்.

நோயாளிக்கு உள்ளூர்த் தட்டு அளவு பொருந்தாதபோதும், அச்சை உடனே ஊற்ற இயலாதபோதும், தனித்தட்டு செய்து கூட்டுவினைச் சிலிக்கோன் பயன்படுத்தலாம். இது பல நாட்கள் அளவு மாறாமலிருக்கும். இரப்பர்ப்பால் கையுறையிலுள்ள கந்தகம் இதனை இறுகவிடாமல் தடுக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். விறைப்பான பாலியீத்தரை ஆடும் பற்களின்மேல் பயன்படுத்துதல் தகாது.

பின்புறம் பல் இல்லாத வாய்

முதலிரு வகுப்புகளில், அமுங்காத நிலையிலுள்ள ஈற்றின் அச்சு மட்டும் போதுமா என்ற கேள்வி எழுகின்றது. மெல்லும் நிலையில் ஈறு கொள்ளும் வடிவத்தைப் பதிவுசெய்யும் முறையை மெக்லீன் 1936 இல் முன்வைத்தார். பின்னர் பரவலான மாற்றுவார்ப்பு முறையில், உலோகச் சட்டகம் முதலில் வாயில் சரிபார்க்கப்பட்டு, அதனுடன் இணைத்த தட்டின் மூலம் ஈற்றுப்பகுதிக்கு மட்டும் மீண்டும் அச்சு எடுக்கப்படும். அப்போது விரல்கள் தாங்கிகளை மட்டுமே அழுத்த வேண்டும். ஈற்றுப்பகுதியை அழுத்தினால் சட்டகம் சாய்ந்துவிடும். பழைய வார்ப்பில் ஈற்றுப்பகுதி வெட்டப்பட்டு, புதிய அச்சைக் கொண்டு மீண்டும் ஊற்றப்படும். விளிம்புகள் வரை நன்கு எடுக்கப்பட்ட ஒற்றை அச்சுடன் ஒப்பிடுகையில் இதன் மேன்மை கருதியதைவிடக் குறைவு என்ற கருத்தும் உள்ளது. மேல் தாடையில் இது அரிதாகவே தேவைப்படும்.

கணினிவழி அச்சு

வாய்க்குள் செலுத்தப்படும் ஒளிவருடிகள் மூலம் அச்சுப்பொருளின்றியே பற்களின் வடிவத்தைப் பதிந்து, சட்டகத்தை உலோகத்தூளிலிருந்து லேசரால் உருக்கி அடுக்க இன்று இயல்கின்றது. குமட்டல் மிகுந்தவர்களுக்கு இது பேருதவி. எனினும் ஒளி ஈற்றை அழுத்துவதில்லை. அசையும் கன்ன, நாக்கு விளிம்புகளையும் செயல்நிலையில் பதிவுசெய்வதில்லை. ஆகவே மூன்றாம் வகுப்பில் இது எளிதில் பொருந்துகின்றது. முதல் வகுப்பில் ஈற்றுப்பகுதிக்குத் தட்டும் அச்சுப்பொருளும் இன்னும் தேவைப்படுவதுண்டு.