ஹாஷ் எண்கள்: விரைவும் ஒருமையும்

பெரியதொரு பதிவேட்டில் குறிப்பிட்ட பெயர் ஒன்றைத் தேடுவதற்கு இரண்டு வழிகளை அனைவரும் அறிவர். முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்துச் செல்வது ஒன்று. பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, நடுப்பக்கத்தைத் திறந்து, முன்னோ பின்னோ நகர்ந்து பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு செல்வது மற்றொன்று. பதிவுகள் 10 லட்சம் இருப்பின், முதல் வழியில் சராசரியாக 5 லட்சம் பெயர்களைப் படிக்க நேரிடும்; இரண்டாம் வழியில் சுமார் 20 ஒப்பீடுகள் போதும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தேடும் பெயரையே ஒரு சிறு கணக்கிற்கு உட்படுத்தி, அதற்குரிய பதிவு எந்த அறையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நேரே கண்டறிவதே அவ்வழியாகும். பதிவுகள் பெருகும்போது அறைகளையும் அதற்கேற்பப் பெருக்கி வந்தால், 10 லட்சம் பதிவுகளாயினும் 10 கோடிப் பதிவுகளாயினும் தேடும் உழைப்பு ஏறக்குறைய ஒரே அளவினதாக இருக்கும். இக்கணக்கிற்கு ‘ஹாஷ் சார்பு’ என்றும், அதன் விடைக்கு ‘ஹாஷ் எண்’ என்றும் பெயர். ‘ஹாஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் கொத்தி நறுக்கிக் கலத்தல் என்று பொருள்படும். பெயரிலுள்ள எழுத்துக்களை நறுக்கிக் கலந்து ஓர் எண்ணாக ஆக்குவதால் இப்பெயர் பொருத்தமானதே.

இன்றைய தரவுத்தளங்களிலும், நிரலை இயந்திர மொழியாக மாற்றும் தொகுப்பிகளிலும், கள ஆய்வுக்குரிய கைப்பேசிச் செயலிகளிலும் இச்சார்புகள் இடைவிடாது இயங்குகின்றன. இவை விரைவாக இயங்க வேண்டும். எந்தப் பொறியில் இயங்கினாலும் ஒரே விடையைத் தரவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது தோற்றத்தில் எளிது. செயலில் அத்துணை எளிதன்று.

கருத்தின் வரலாறு

1953-ஆம் ஆண்டு ஜனவரியில், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் இக்கருத்தை ஓர் உள்சுற்றுக் குறிப்பில் எழுதினார். ஒரே அறைக்கு இரு பதிவுகள் வந்து சேர்ந்தால் அவற்றைச் சங்கிலிபோல் கோத்து வைக்கலாம் என்றும் அவர் அதில் யோசனை கூறியிருந்தார். 1956-ல் அர்னால்ட் டூமி வெளியிட்ட கட்டுரையில், குறியீட்டை ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை அறை எண்ணாகக் கொள்ளும் முறை விளக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் நாட்டில் ஆந்திரேய் எர்ஷோவ் என்பவரும் இத்துறையில் தனித்தே முறைகளைக் கண்டார்.

பகா எண்ணை நாடியதற்குத் தக்க காரணம் உண்டு. கிராமங்களுக்கு 10, 20, 30 எனப் பத்துப் பத்தாகக் குறியீட்டு எண்கள் வழங்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அறைகள் 100 என வைத்து, 100-ஆல் வகுத்த மீதியை எடுத்தால், 0, 10, 20 முதலிய பத்து அறைகளில் மட்டுமே பதிவுகள் குவியும். எஞ்சிய 90 அறைகளும் வெறுமையாகக் கிடக்கும். 100-க்குப் பதிலாக 97 என்னும் பகா எண்ணால் வகுத்தால், அடுத்தடுத்த 97 கிராமங்களும் 97 வெவ்வேறு அறைகளை அடையும். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம்.

நல்ல சார்பின் இயல்புகள்

உள்ளே செல்லும் ஒவ்வொரு எழுத்தும், அது நிற்கும் இடமும் விடையைப் பாதித்தல் வேண்டும். இலக்கங்களை வெறுமனே கூட்டும் முறை இதனால் பயன்படாது. 4217, 4271 என்னும் இரு எண்களின் இலக்கங்களைக் கூட்டினால் இரண்டிற்கும் 14 என்ற விடையே கிடைக்கும். மாறாக, ஒவ்வோர் இலக்கத்தையும் சேர்ப்பதற்கு முன் அதுவரை கிடைத்த விடையை 31-ஆல் பெருக்கிக்கொண்டே வந்தால், முதல் எண்ணிற்கு 121124 என்றும், இரண்டாவதற்கு 121304 என்றும் வேறுபட்ட விடைகள் கிடைக்கின்றன. பெருக்கல் என்னும் ஒரே செயல், வரிசையை நினைவில் வைத்துக் கொள்கிறது.

ஜாவா மொழியில் சொற்களுக்கு ஹாஷ் எண் காண்பதற்கு 31-ஐக் கொண்ட இம்முறையே வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும் இதுவும் குறையற்றதன்று. ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்தின் எண் 65. சிறிய ‘ஏ’ எழுத்தின் எண் 97. பெரிய ‘பி’ எழுத்தின் எண் 66. பெரிய ‘ஏ’யும் சிறிய ‘ஏ’யும் சேர்ந்த சொல்லுக்கு 65 × 31 + 97 = 2112. இரு பெரிய ‘பி’ சேர்ந்த சொல்லுக்கு 66 × 31 + 66 = 2112. இரு வேறு சொற்கள் ஒரே எண்ணைப் பெறும் இந்நிலைக்கு ‘மோதல்’ என்று பெயர்.

ஒரு சார்பின் அமைப்பு

1991-ல் க்ளென் ஃபௌலர், போங் வோ ஆகிய இருவர் முன்வைத்து, பின்னர் லாண்டன் கர்ட் நால் செம்மைப்படுத்திய சார்பு மூவரின் பெயர்களின் முதலெழுத்துக்களால் ‘எஃப்.என்.வி.’ என்று வழங்குகிறது. அதன் ‘1ஏ’ என்னும் வகையில் 32 பிட் விடை காணும் விதி பின்வருமாறு:

1. 2166136261 என்னும் எண்ணுடன் தொடங்குக.
2. உள்ளீட்டின் அடுத்த பைட்டை அவ்வெண்ணின் கடைசி எட்டுப் பிட்டுகளோடு ‘எக்ஸார்’ செய்க. அதாவது, பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருந்தால் 0 எனவும், வேறுபட்டால் 1 எனவும் எழுதுக.
3. விடையை 16777619 என்னும் பகா எண்ணால் பெருக்கி, கடைசி 32 பிட்டுகளை மட்டும் வைத்துக் கொள்க.
4. பைட்டுகள் தீரும்வரை இரண்டாம், மூன்றாம் படிகளைத் திரும்பச் செய்க.

ஆங்கிலச் சிறிய ‘ஏ’ ஒன்றை மட்டும் உள்ளீடாகக் கொள்வோம். அதன் எண் 97. தொடக்க எண்ணின் கடைசி எட்டுப் பிட்டுகளின் மதிப்பு 197. இவ்விரண்டையும் எக்ஸார் செய்தால் 164 வரும். ஆகவே முழு எண் 2166136228 ஆகிறது. அதை 16777619-ஆல் பெருக்கிக் கடைசி 32 பிட்டுகளை எடுத்தால் 3826002220 கிடைக்கும். இதனைப் புதிதாக நிரலாக்குவோர் முதற்கண் இவ்விடை வருகிறதா என்று சரிபார்த்தல் நன்று.

விரைவிற்கு வழி

மேற்கூறிய சார்பு ஒரு தடவைக்கு ஒரு பைட்டையே உண்கிறது. அன்றியும், ஒரு பெருக்கல் முடிந்த பின்னரே அடுத்த பெருக்கல் தொடங்க முடியும். சிறு பெயர்களுக்கு இது போதுமானது; நீண்ட கோப்புகளுக்கு மெதுவானது. 2008-ல் ஆஸ்டின் ஆப்பிள்பி உருவாக்கிய ‘மர்மர்ஹாஷ்’, 2012-ல் யான் கோலே வெளியிட்ட ‘எக்ஸ்எக்ஸ்ஹாஷ்’ ஆகியவை இத்தடையை நீக்க முயன்றன. இவை நான்கு அல்லது எட்டுப் பைட்டுகளை ஒரே எண்ணாகப் படிக்கின்றன. எக்ஸ்எக்ஸ்ஹாஷின் முதல் வடிவங்களில், நீண்ட உள்ளீடு நான்கு தனித்தனிக் கணக்குகளாகப் பகுக்கப்பட்டு, இறுதியில் அவை ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. நான்கும் ஒன்றையொன்று எதிர்பாராதவை. ஆதலால் இன்றைய செயலி அவற்றை ஏககாலத்தில் நடத்திச் செல்ல இயலுகிறது.

எல்லாப் பொறியிலும் ஒரே விடை

விரைவிற்காகப் பல பைட்டுகளைச் சேர்த்துப் படிக்கும் அந்த இடத்திலேயே ஒருமைக்கு இடையூறு தோன்றுகிறது. 1, 0, 0, 0 என்னும் நான்கு பைட்டுகளைச் சில செயலிகள் 1 என்று படிக்கும். வேறு சில 16777216 என்று படிக்கும். முன்னவை ‘சிறுமுனை’ வரிசையைச் சார்ந்தவை; பின்னவை ‘பெருமுனை’ வரிசையைச் சார்ந்தவை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று பிணங்கிக் கொண்ட மக்களை ஜொனாதன் ஸ்விஃப்ட் தம் கலிவரின் பயணக் கதையில் படைத்தார். அக்கதையிலிருந்தே டேனி கோஹன் 1980-ல் இப்பெயர்களை எடுத்தாண்டார். இதற்குப் பரிகாரம் விதியிலேயே வரிசையை வரையறுத்து விடுவதாகும். எக்ஸ்எக்ஸ்ஹாஷின் விதி சிறுமுனை வரிசையையே எங்கும் கட்டாயமாக்குகிறது. பெருமுனைச் செயலிகள் படித்தபின் பைட்டுகளைத் திருப்பிக் கொள்கின்றன.

இரண்டாவது இடையூறு எண்ணின் அகலம். எஃப்.என்.வி. கணக்கில் மேலே கண்ட பெருக்கலின் முழு விடை 17 இலக்கங்கள் கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண்கள் 9007199254740992 என்னும் 16 இலக்க எல்லைவரை மட்டுமே முழு எண்களைப் பிசகின்றிக் காக்கும். எனவே அங்கு வழக்கமான பெருக்கற்குறியை இட்டால் கடைசி இலக்கங்கள் பிழைபடும். அக்கடைசிப் பகுதியே இங்குத் தேவைப்படுவது. இதற்கென அம்மொழியில் உள்ள 32 பிட் பெருக்கலைப் பயன்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது இடையூறு இந்திய மொழிகளுக்குத் தனிப்பட நேர்வது. சி மொழியில் ஓர் எழுத்தைக் குறிக்கும் பைட்டுக்குக் குறைக்குறி உண்டா இல்லையா என்பது பொறிக்குப் பொறி மாறும். 127-க்கு மேற்பட்ட பைட்டு ஒன்று ஓரிடத்தில் 224 என்றும், மற்றோரிடத்தில் −32 என்றும் படிக்கப்படலாம். ஆங்கில எழுத்துக்கள் அனைத்தும் 127-க்கு உட்பட்டவை. தமிழ், இந்தி, வங்காளம் முதலியவற்றின் எழுத்துக்களோ, யூ.டி.எஃப்.-8 முறையில் 127-க்கு மேற்பட்ட பைட்டுகளாலேயே ஆனவை. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதிக்கப்பட்ட நிரல் சோதனையில் குறையின்றித் தேறிவிடும். தமிழ்ப் பெயர் வந்தவுடன் கைக்கருவி ஓர் அறையையும், தலைமையகப் பொறி வேறோர் அறையையும் சுட்டும். பதிவு அழிந்து விடவில்லை. எனினும் தேடுவோருக்கு அது இல்லாததற்கு ஒப்பாகும்.

நான்காவதும் எழுத்தைப் பற்றியதே. ‘கொ’ என்னும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே அலகாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி அலகுகளாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூ.டி.எஃப்.-8 முறையிலோ முன்னது ஆறு பைட்டுகள். பின்னது ஒன்பது பைட்டுகள். ஹாஷ் சார்பு பைட்டுகளை மட்டுமே காணும்; எழுத்தின் வடிவத்தைக் காணாது. எனவே ஹாஷ் எண் காண்பதற்கு முன் எழுத்துக்களை யூனிகோடு வகுத்த ஒரே சீர்வடிவத்திற்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது.

மோதல் தவிர்க்க முடியாதது

பிழையற்ற சார்பிலும் மோதல் நிகழும். 23 பேர் கூடிய கூட்டத்தில் எவரேனும் இருவருக்கு ஒரே பிறந்த நாள் அமைவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலாகும். அதே கணக்கின்படி, 32 பிட் ஹாஷ் எண்களில் ஏறத்தாழ 77,000 பதிவுகளைச் சேர்த்தவுடனேயே எங்கேனும் ஒரு மோதல் நேர்ந்திருக்கும் வாய்ப்பு பாதியாகிறது. 64 பிட்டில் இந்த அளவு 500 கோடியைத் தாண்டும். ஆகவே ஹாஷ் எண்ணைக் கொண்டு அறையைக் கண்டபின், மூலப் பெயரையும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். ஹாஷ் எண்கள் ஒத்திருப்பதை மட்டும் கண்டு இரு குடும்பங்களின் பதிவை ஒன்றென அடித்துவிட்டால், ஒரு குடும்பம் தனக்குரிய உதவியை இழக்க நேரும்.

காவல் பணிக்கு உரியதன்று

விரைவை நாடும் இச்சார்புகள் பகைவரை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல. 2003-ல் ஸ்காட் க்ராஸ்பி, டான் வாலக் இருவரும், வேண்டுமென்றே மோதும் உள்ளீடுகளை அனுப்பி ஒரு சேவையையே முடக்கலாம் எனக் காட்டினர். 2011-ஆம் ஆண்டு டிசம்பரில், பல மொழிகளில் இயங்கிய இணையச் சேவைகளுக்கு இதே இடர் உண்டு என்பது வெளிப்படுத்தப்பட்டது. இரகசிய எண் ஒன்றைச் சேர்த்துக் கணக்கிடும் ‘சிப்ஹாஷ்’ என்னும் சார்பை ழான்-பிலிப் ஓமாசோன், டேனியல் பெர்ன்ஸ்டைன் ஆகியோர் 2012-ல் அளித்தனர். அறியாதார் அனுப்பும் உள்ளீடுகளை ஏற்கும் அட்டவணைகளுக்கு அத்தகைய சார்பே தக்கது.

கைப்பேசி எண்ணை ஹாஷ் எண்ணாக மாற்றி வைத்தால் அது மறைந்துவிட்டது என்று கருதுவதும் தவறு. பத்து இலக்கக் கைப்பேசி எண்களின் மொத்தம் ஆயிரம் கோடியைத் தாண்டாது. அவை அனைத்திற்கும் ஹாஷ் எண் கண்டு ஒப்பிட, விரைவான சார்பாயின், ஒரு சாதாரணக் கணிப்பொறிக்குச் சில நிமிடங்களே போதும். விரைவு என்னும் குணமே இங்குக் குற்றமாகி விடுகிறது.

களத்திலும் வகுப்பிலும்

களப்பணிக்குப் புதிய செயலி ஒன்று வந்து சேரும்போது, ஊழியர் சில தமிழ்ப் பெயர்களைப் பழைய கருவி ஒன்றிலும் புதிய கருவி ஒன்றிலும் பதிந்து, தலைமையகப் பதிவேட்டில் அவை தேடிக் கிடைக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் கொண்ட பெயர்கள் அவற்றுள் இடம்பெறுதல் அவசியம். பிழை இருப்பின் அது முதல் நாளிலேயே வெளிப்படும். ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்ந்தபின் அதைத் திருத்துவது பெருஞ்செலவாகும்.

வகுப்பறையில் கணிப்பொறி தேவையில்லை. ஏழு காகிதப் பெட்டிகளும் மாணவரின் வரிசை எண்களுமே போதும். எண்ணை ஏழால் வகுத்து, மீதிக்குரிய பெட்டியில் பெயர்ச் சீட்டை இடச் செய்யலாம். பிறகு ஒரே ஒரு மாணவரை மட்டும் எட்டால் வகுக்கச் சொல்லிச் சீட்டுக்களைத் தேடச் செய்தால், கணக்குத் தெரிந்தவரும் பெரும்பாலான சீட்டுக்களைக் காணாமல் திகைப்பர். விதி ஒன்றாக இருந்தாலன்றித் தேடிய பொருள் கிட்டாது என்பது சிறுவர் மனத்தில் அப்பொழுதே பதியும்.