பீரங்கி சொல்லும் சாட்சி

மாணவர்களே, பினாங்கு துறைமுகம் பக்கம் போனால் கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைப்பார்கள். நீங்கள் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

பழைய ஆயுதம் எதுவானாலும், அதை அடையாளம் காண முதலில் முத்திரைகளைத் தேட வேண்டும். இதன் பின்வளையத்தில், ‘பர்கர்ஹாய்ஸ் என்னைச் செய்தார், 1603’ என்று பீரங்கியே பேசுவதுபோல் லத்தீனில் எழுதியிருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் உண்டு. பின்னர் வெள்ளியில் பதித்த எழுத்துகள், 1613இல் அச்சே படை ஜொகூரைப் பிடித்ததைச் சொல்கின்றன. அதன்பின் சிலாங்கூருக்குப் போய், 1871இல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது.

400 ஆண்டு கடற்காற்றில் எழுத்து எப்படி அழியாமல் இருக்கிறது? இது செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். இரும்பில் துரு செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு மீண்டும் துருப்பிடிக்கும். வெண்கலத்தின் மேல் படியும் படலமோ இறுக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பில் வார்த்திருந்தால் இந்தச் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்து, குழாயின் உட்புறம். ரைஃபிளில் சுழல் பள்ளங்கள் இருக்கும். அவை தோட்டாவைச் சுழலவைத்து நேராகச் செலுத்தும். இந்தப் பீரங்கியில் அவை இல்லை, உட்புறம் வழுவழுப்பு. ஆகவே உருண்டைக் குண்டுதான்; குறி தவறுவதும் அதிகம். வாயின் விட்டம் ஏறக்குறைய 15 செ.மீ. குண்டு சற்றுச் சிறியதாக, 14.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.2 கிராம். குண்டின் எடை என்ன? எனக்கு 11.5 கிலோ வந்தது.